மூத்ததை வெளியேற்றிய இளையது

2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 3-ஆம் தேதி ஓவர்வாட்ச் என்னும் இணைய ஆட்டம் அடியோடு நிறுத்தப்பட்டது. ஆறாண்டுகளுக்கு மேலாகப் பல நாட்டு மக்கள் விலை கொடுத்து வாங்கி ஆடிவந்த ஆட்டம் அது. மறுநாள் அதே இடத்தில் ஓவர்வாட்ச் 2 திறக்கப்பட்டது. இடையில் ஏறத்தாழ ஒரு நாள் மூத்ததும் இல்லை, இளையதும் இல்லை. ஒரு நூலுக்கு இரண்டாம் பாகம் அச்சாகி வெளிவந்தால், முதற் பாகத்தை வாங்கியவர் வீட்டு அலமாரியிலிருந்து அப்பாகம் மறைந்து போவதில்லை. இங்கோ மறைந்து போயிற்று. கடைக்காரர் இரவில் வந்து நம் வீட்டு நூலை எடுத்துச் சென்று, காலையில் வேறொரு நூலைக் கையில் கொடுத்து, "இதற்கு விலையில்லை, மகிழ்ச்சியாகப் படியுங்கள்" என்று சொன்னதற்கு ஒப்பான செயல் இது.

விளையாட்டுப் பிள்ளைகளின் விவகாரம் நமக்கெதற்கு என்று நம் பெரியவர்களிற் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். பிள்ளை கேட்கும்போது பணம் கொடுப்பவர் பெரியவர்தாம். கொடுத்த பணத்துக்கு என்ன கிடைத்தது, கிடைத்தது எத்தனை நாள் நின்றது என்று கேட்கும் உரிமையும் கடமையும் அவருக்கு உண்டு. ஆதலின் இவ்விரண்டு ஆட்டங்களின் வரலாற்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கத் துணிந்தோம்.

இவ்வகை ஆட்டத்தை ஆடியறியாத நேயர்க்கு அதன் இயல்பை முதலிற் சொல்லிவிடுவோம். கணிப்பொறியிலோ, தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் ஆட்டப் பொறியிலோ ஆடுவது இது. ஆட்டக்காரர் ஒரு பாத்திரத்தைத் தெரிந்தெடுத்து, அப்பாத்திரத்தின் கண்வழியே களத்தைக் காண்பார்; கையிலுள்ள படைக்கலம் மட்டும் திரையின் ஓரத்தில் தெரியும். ஈப்போவிலுள்ள ஒருவரும், சிங்கப்பூரிலுள்ள ஒருவரும், மணிலாவிலுள்ள ஒருவரும் முன்பின் பார்த்தறியாதவராய் ஒரே அணியில் நின்று எதிரணியோடு பொருதலாம். ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது, ஓரிடத்தைப் பிடித்துக் காப்பது என ஒவ்வொரு களத்துக்கும் ஒரு நோக்கம் உண்டு. இவ்வளவும் நடக்க வேண்டுமானால் எல்லாருடைய பொறிகளும் கம்பெனிக்குச் சொந்தமான சர்வர் ஒன்றோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சர்வர் பேசாவிடில் வீட்டிலிருக்கும் ஆட்டம் வெறுந்தட்டு. இக்குறிப்பை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். கதையின் முடிச்சு அதில்தான் இருக்கிறது.

மூத்த ஓவர்வாட்ச் ஒரு தோல்வியின் பிள்ளை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து இர்வைன் நகரிலுள்ள பிலிஸார்டு கம்பெனி, டைட்டன் என்ற பெயரில் மாபெரும் ஆட்டமொன்றைப் பல்லாண்டு காலம் கட்டிவந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் வாழ்ந்து திரியும்படியான ஆட்டம் அது. கட்டக் கட்ட வளர்ந்ததேயன்றி உருவாகவில்லை. 2014 செப்டம்பரில் டைட்டனைக் கைவிட்டதாகக் கம்பெனி வெளியிட்டது. அந்த இடிபாட்டில் எஞ்சிய கருத்துக்களைக் கொண்டு ஜெஃப் காப்லன் தலைமையில் ஒரு சிறு கூட்டத்தார் எழுப்பியதே ஓவர்வாட்ச். அதே ஆண்டு நவம்பரில் அது அறிவிக்கப்பட்டு, 2016 மே 24-ஆம் தேதி விற்பனைக்கு வந்தது. கணிப்பொறிக்குரிய சாதாரணப் பதிப்பின் விலை 40 அமெரிக்க டாலர்.

விலை கொடுத்தவர் பெற்றது இது: 21 பாத்திரங்கள், 12 களங்கள், இனி வரும் பாத்திரங்களும் களங்களும் மேற்கொண்டு விலையின்றிக் கிடைக்கும் என்ற உறுதி. அவ்வுறுதி காப்பாற்றப்பட்டது. 21 பாத்திரங்கள் 32 ஆயின. எவருக்கும் தனியே பணம் கேட்கவில்லை. எல்லாரிடமும் எல்லாப் பாத்திரங்களும் இருந்தமையால், தோற்றவன் "அவன் காசுக்காரன், அதனால் வென்றான்" என்று சொல்ல இடமில்லாமற் போயிற்று. சமத்துவத்தைப் பேசும் நம் போன்றோர்க்கு இது சிறிய செய்தியன்று.

பாத்திரங்களும் பழைய வார்ப்பில் அமைந்தவை அல்ல. அதுகாறும் சுடும் ஆட்டம் என்றால் முரட்டு வெள்ளைக்காரப் பட்டாளத்தான் ஒருவன்தான் நினைவுக்கு வருவான். இங்கோ அறுபது வயது எகிப்தியத் தாய் அனா, கொரியாவின் இளம்பெண் டி.வா, பிரேஸிலின் இசைக்காரன் லூசியோ, ரஷ்யப் பளுதூக்கும் பெண் ஜார்யா, சந்திரனில் வளர்ந்த விஞ்ஞானக் குரங்கு வின்ஸ்டன் ஆகியோர் தோளோடு தோள் நின்றனர். ஒளியைக் கொண்டு கட்டடம் எழுப்பும் இந்தியப் பெண் சிமெட்ராவும் அவர்களுள் ஒருத்தி. அவளுக்குத் தேவி வடிவிலான உடை ஒன்றை அணிவித்தபோது, தெய்வத்தை ஆட்டக்காரன் கைப்பொம்மை ஆக்குவதா என்று அமெரிக்காவிலுள்ள இந்துக்கள் சிலர் 2016-இல் ஆட்சேபித்தனர். அவ்வுடை விற்கப்பட்ட முறையைப் பற்றியதன்று அவ்வாட்சேபம். நமக்கோ அம்முறைதான் உறுத்துகிறது.

அம்முறைக்கு லூட் பாக்ஸ் என்று பெயர். ஆட்டக்காரர் ஆடி ஆடி ஒரு படி உயரும்போது ஒரு பெட்டி கிடைக்கும். திறந்தால் உள்ளே நான்கு பொருள்கள்: உடை, ஒரு சொல், ஓர் அபிநயம், ஒரு சித்திரம். இவற்றால் ஆட்டத்தில் வலிமை கூடாது; அழகு மட்டுமே. இவ்வளவோடு நின்றிருந்தால் பழுதில்லை. பொறுமையற்றவர் பணம் கொடுத்தும் பெட்டி வாங்கலாம் என்றார்கள்: 2 பெட்டி 2 டாலருக்குச் சற்றுக் குறைவு, 50 பெட்டி 40 டாலருக்குச் சற்றுக் குறைவு. எந்தப் பெட்டியில் எது இருக்கும் என்று வாங்குபவர்க்குத் தெரியாது. இதற்கு நம் நாட்டில் வேறு பெயர் உண்டு. நாலு நம்பர்க் கடை வாசலில் வரிசை நிற்பவரைப் பார்த்தவர்க்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. எவ்வளவு வாய்ப்புக்கு எவ்வளவு பரிசு என்பதை வெளியிட வேண்டுமென்று சீன அரசாங்கம் 2017-இல் சட்டம் விதித்தது. அப்பொழுதுதான், மிக உயர்ந்த வகைப் பொருள் சராசரியாக 13.5 பெட்டிக்கு ஒன்று என்ற கணக்கு வெளியாயிற்று. அதன்பின் அங்கே பெட்டியை விற்பதை விட்டு, ஆட்ட நாணயத்தை விற்று, பெட்டியை அதற்கு "இனாம்" ஆக்கினார்கள்! சட்டத்தின் சொல்லைக் காத்து அதன் பொருளைக் கொன்றமைக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பதரிது. 2018 ஏப்ரலில் பெல்ஜிய நாட்டுச் சூதாட்ட ஆணையம் இப்பெட்டிகள் சூதாட்டமே என்று முடிவு கூறியது. அவ்வாண்டிலேயே அந்நாட்டில் பெட்டி விற்பனை நின்றது.

ஆகவே மூத்தது குற்றமற்றது என்று நாம் வாதாட வரவில்லை. அதன் குற்றத்தை இளையது எப்படித் திருத்தியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

2018 மே மாதத்திற்குள் ஓவர்வாட்ச் ஆடியவர் தொகை 4 கோடியை எட்டியதாகக் கம்பெனி அறிவித்தது. நகரங்களின் பெயரால் அணிகள் அமைத்து ஒரு தொழில்முறைப் பந்தயமும் அவ்வாண்டே தொடங்கியது. அது 2023-இல் முடிந்து போயிற்று, அக்கதை இங்கு வேண்டாம். 2019 நவம்பர் 1-ஆம் தேதி, கம்பெனியின் ஆண்டு விழாவில், ஓவர்வாட்ச் 2 வருகிறது என்ற அறிவிப்பை ஜெஃப் காப்லன் வெளியிட்டார்.

அன்று அவர் கூறியவற்றுள் இரண்டு செய்திகள் முக்கியமானவை. இரண்டாம் ஆட்டத்தின் சிறப்பு, ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதாமல், ஒன்றுகூடிக் கணிப்பொறியின் சேனையை எதிர்க்கும் கதைப் பகுதி என்பது ஒன்று. அப்பகுதியில் பாத்திரங்கள் அனுபவம் பெற்று வளர்வர். புதுப்புதுத் திறன்களைத் தேர்ந்துகொள்வர். மீண்டும் மீண்டும் ஆடத்தக்கதாய் அது விரியும் என்றார். டைட்டனில் நிறைவேறாத கனவின் சாயல் இதில் தெரிகிறது. முதலாட்டத்தை வாங்கியவர் கைவிடப்படமாட்டார் என்பது மற்றொன்று. போட்டிப் பகுதிக்கு வரும் புதுக் களங்களும் புதுப் பாத்திரங்களும் பழைய ஆட்டத்துக்கும் வரும். பழையதை வைத்திருப்பவரும் புதியதை வாங்கியவரும் ஒரே களத்தில் ஆடுவர். மூத்தது இளையதோடு கூடி வாழும் என்பதே அன்றைய வாக்கு.

நடந்தது வேறு. 2020 ஏப்ரலில் எக்கோ என்ற 32-ஆம் பாத்திரம் மூத்த ஆட்டத்துக்கு வந்தது. அதுவே கடைசி. அதற்குப் பின் 2022 அக்டோபர் வரை, இரண்டரை ஆண்டுக் காலம், ஒரு புதுப் பாத்திரமும் வரவில்லை. தொழிலாளரின் உழைப்பெல்லாம் இளையதன் கதைப் பகுதிக்குத் திருப்பப்பட்டது. பால் நிறுத்தப்பட்ட குழந்தைபோல் மூத்தது மெலிந்தது. ஆடுவோர் சலித்து விலகினர். பிற்பாடு "பழையதில் உயிரில்லை, ஆகவே புதியது வேண்டும்" என்று சொல்லப்பட்டபோது, அவ்வுயிர் எவ்வாறு போயிற்று என்று கேட்டவர் சிலரே. 2021 ஏப்ரலில் காப்லன் கம்பெனியை விட்டு விலகினார். ஏரன் கெல்லர் அவ்விடத்துக்கு வந்தார். அவ்வாண்டு ஜூலையில், பெண் தொழிலாளரை இழிவாக நடத்தியதாகக் கலிபோர்னிய அரசாங்கத்தின் துறையொன்று தாய்க் கம்பெனியின்மேல் வழக்குத் தொடுத்தது. அதன் விளைவாக, கம்பெனி ஊழியர் ஒருவரின் பெயரைத் தாங்கியிருந்த மெக்ரீ என்ற பாத்திரம் அக்டோபரில் கோல் காஸிடி எனப் பெயர் மாற்றம் பெற்றது. பெயரை மாற்றுவது எளிது.

2022 மார்ச்சில் திட்டம் இரண்டாகப் பிளக்கப்பட்டது: போட்டிப் பகுதி முன்னே வரும், கதைப் பகுதி பின்னே வரும். சமையல் முடியவில்லை, முதலில் இலையைப் போட்டு அப்பளத்தைப் பரிமாறுகிறோம் என்பது போன்ற ஏற்பாடு. பசித்திருந்தவர்கள் அதையும் வரவேற்றனர்.

நிற்க. இனி ஆட்டத்தின் உள்ளே சென்று இரண்டையும் ஒப்பிடுவோம். மாறுதல்கள் பல இருப்பினும் ஒன்றே தலையாயது. மூத்ததில் அணிக்கு ஆறு பேர். இளையதில் ஐந்து பேர்.

ஒருவர் குறைந்ததில் என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றலாம். ஓவர்வாட்சில் பாத்திரங்கள் மூன்று தொழிலினர். முன்னே நின்று அடி தாங்குவோர் ஒரு வகை. அவர்களை டாங்க் என்பர். தாக்குவோர் இரண்டாம் வகை. காயம் ஆற்றித் துணை நிற்போர் மூன்றாம் வகை. முதலில் யாரும் எதையும் எடுக்கலாம் என்றிருந்தது. எல்லாரும் தாக்குவோராகவே இருக்க விரும்பியதால் அணிகள் சிதைந்தன. ஆதலால் 2019-இன் பிற்பகுதியில், ஒவ்வொரு தொழிலுக்கும் இருவர் என்று வரையறுத்தார்கள். அணி ஒழுங்குபட்டது, வேறொரு தொல்லை பிறந்தது. அடி தாங்க முன்வருவோர் சிலர், தாக்க விரும்புவோர் பலர். எனவே தாக்க விரும்பியவர் ஓர் ஆட்டத்துக்காக நெடுநேரம் காத்துக் கிடந்தனர். இரண்டு டாங்குகளும் கேடயம் பிடித்து நின்றால் ஆட்டம் சுவரில் கல் எறிவது போலாயிற்று என்ற குறையும் இருந்தது. ஒரிஸா, சிக்மா என்ற இரு கேடயக்காரரும் சேர்ந்து நின்ற காலத்தில் ஆடியவர்கள் அதை இன்றும் அலுப்போடு நினைவுகூர்வர்.

இளைய ஆட்டம் இவ்விரண்டு நோய்க்கும் ஒரே மருந்து கொடுத்தது: இரண்டு டாங்கில் ஒன்றை நீக்கிவிட்டது. காத்திருப்பு குறைந்தது, கேடயங்கள் குறைந்தன, துப்பாக்கிக்கு வேலை கூடிற்று, ஆட்டம் விரைவாயிற்று. தனித் திறமை உள்ளவருக்கு இது கொண்டாட்டம். எதிரிகள் ஒருவர் குறைந்ததால், தன்னால்தான் வென்றோம் என்று ஒருவர் உணர்வதும் எளிதாயிற்று. இம்மாறுதலைச் செய்தவர்கள் அறியாதவர் அல்லர் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

எனினும் போனது என்ன என்று பார்க்க வேண்டும். ரைன்ஹார்ட் என்ற முதிய ஜெர்மானிய வீரன் பெருங் கேடயத்தைப் பிடித்து முன்னே நடப்பான். கேடயம் பிடித்த கையால் அவன் தாக்க முடியாது. சம்மட்டியை ஓங்க வேண்டுமானால் கேடயத்தைத் தாழ்த்த வேண்டும். தாழ்த்திய அக்கணத்தில் எதிரிகளின் குண்டெல்லாம் அவன்மேல் பாயும். பக்கத்திலிருக்கும் ஜார்யா அக்கணத்தை அறிந்து, தன் ஒளிக்குமிழால் அவனை மூடுவாள். அவன் துணிந்து பாய்வான். அவன்மேல் விழுந்த அடி அவளுக்கு வலிமையாக மாறும். இருவரில் ஒருவர் கண நேரம் பிந்தினாலும் இருவரும் வீழ்வர். முகமறியாத இருவர், சொல்லின்றி, ஒருவர் மனத்தை மற்றவர் அறிந்து ஆடியது அது. பளு தூக்குகிறவர் இருவர் என்றால், ஒருவர் தோள் மாற்றும்போது மற்றவர் தாங்குவார். இளைய ஆட்டத்தில் தாங்குவோர் ஒருவரே. அவர் வீழ்ந்தால் அணி வீழ்ந்தது; தோற்றால் பழியெல்லாம் அவர் தலைமேல். விருப்பம் குறைந்த தொழில் என்பதற்காக ஓர் இடத்தை நீக்கினார்கள். எஞ்சிய இடமோ முன்னைவிடக் கடினமாயிற்று. ஆள் போதவில்லை என்று இருவர் வேலையை ஒருவர் தலையில் வைக்கும் முதலாளியை நாம் அறிவோம் அல்லவா?

இனிப் பணத்துக்கு வருவோம். மூத்தது 40 டாலர் விலையுள்ளது, இளையது இலவசம். மூத்ததில் சூதாட்டப் பெட்டி இருந்தது. இளையது அதை ஒழித்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஒழிந்த இடத்தில் வந்தவை என்ன? கடை ஒன்று, பேட்டில் பாஸ் ஒன்று. பெரிய உடை ஒன்றின் விலை கடையில் 1900 நாணயம். அதாவது ஏறத்தாழ 19 டாலர். பணம் கொடாமல் ஆடிச் சம்பாதிக்க முடியுமா? முடியும், தொடக்க காலத்தில் வாரப் பணிகள் அனைத்தையும் முடித்தவர்க்கு வாரத்துக்கு 60 நாணயம் கிடைத்தது. நேயர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1900-ஐ 60-ஆல் வகுத்தால் 32 வாரம். ஏழு மாதத்துக்கு மேல் ஒரு வாரமும் தவறாது உழைத்தால் ஒரு சட்டை! மூத்ததில் சூதாட்டம் இருந்தது உண்மை. ஆனால் பணமில்லாத பிள்ளைக்கும் ஆடிய பலனாகப் பெட்டி தடையின்றிக் கிடைத்தது. அழகுப் பொருள்களில் பெரும்பகுதியை ஒரு காசும் செலவழியாமல் சேர்த்தவர் ஏராளம். சூதை நீக்கியவர்கள், சூதோடு தருமத்தையும் சேர்த்தே நீக்கிவிட்டனர்.

அதைவிடப் பெரிது மற்றொன்று. எல்லாரிடமும் எல்லாப் பாத்திரமும் இருக்கும் என்ற சமத்துவம் போயிற்று. கிரிக்கோ என்ற புதுப் பாத்திரம் பேட்டில் பாஸின் 55-ஆம் படியில் வைக்கப்பட்டாள். 10 டாலர் கொடுத்தவர்க்கு அவள் உடனே கிடைத்தாள். கொடாதவர் படி ஏறி வர வேண்டும். முதலாட்டத்தை வாங்கியிருந்தவர்களுக்கு அவளை இனாமாகக் கொடுத்தனர், அதை மறைக்க வேண்டியதில்லை. அதற்கடுத்து வந்த பாத்திரங்களுக்கு அச்சலுகை இல்லை. புதிதாய் வந்தவரோ பழைய பாத்திரங்கள் அனைத்தையும் பெறவே ஏறத்தாழ நூறு ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. இந்தப் படிக்கட்டு முறை 2024 ஏப்ரல் வரை நீடித்து, அப்பொழுது எடுக்கப்பட்டது; பாத்திரங்கள் மீண்டும் எல்லார்க்கும் பொதுவாயின. மூத்ததில் தொடக்க நாளிலேயே இருந்த நீதிக்குத் திரும்ப இளையதற்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. பெட்டிகளும் 2025 பிப்ரவரியில் திரும்பி வந்தன. இம்முறை ஆடிச் சம்பாதிக்கும் வழியாக. ஒழித்ததைப் பெருமையாகச் சொன்னவர்களே வரவேற்பையும் பெருமையாகச் சொன்னார்கள்.

திறப்பு நாளன்று நடந்த ஒன்றையும் இங்கே குறிக்க வேண்டும். ஏமாற்றுக்காரரைத் தடுக்கவென்று, ஒவ்வோர் ஆட்டக்காரரும் கைப்பேசி எண்ணொன்றைப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். முன்பணம் கட்டிப் பேசும் எண்கள் பலவற்றை ஏற்க மறுத்தார்கள். மாதச் சந்தாக் கட்டுவோர் மனிதர். பத்து வெள்ளிக்கு ரீலோட் செய்து பேசுவோர் சந்தேகத்துக்கு உரியவர்! காசு கொடுத்து ஆறாண்டு ஆடியவரும் வாசலில் நிறுத்தப்பட்டார். கூக்குரல் எழுந்தது, பழைய ஆட்டக்காரர்களுள் பெரும்பாலோர்க்கு இவ்விதியைத் தளர்த்துவதாக ஓரிரு நாளில் அறிவித்தார்கள். அதே நாளில் சர்வர்கள்மேல் தாக்குதலும் நிகழ்ந்து, பல்லாயிரம் பேர் வரிசையில் காத்துக் கிடந்தனர். இத்தனைக்கும் இடையே முதல் பத்து நாளில் 2½ கோடிப் பேர் ஆடியதாகக் கம்பெனி கணக்குச் சொல்லிற்று. இலவசக் கதவுக்கு அத்தனை ஈர்ப்பு உண்டு.

எந்தக் கதைப் பகுதிக்காக மூத்தது இரண்டரை ஆண்டு பட்டினி கிடந்ததோ, அதன் முடிவையும் கேளுங்கள். 2023 மே 16-ஆம் தேதி, பாத்திரங்கள் வளரும் அப்பெரும் பகுதி கைவிடப்பட்டது என்று அறிவிப்பு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி, கதைப் பணிகள் மூன்று மட்டும் 15 டாலர் விலைக்கு வெளிவந்தன. அன்றைக்கே ஸ்டீம் என்னும் இணையக் கடையிலும் ஓவர்வாட்ச் 2 வைக்கப்பட்டது. அக்கடையில் ஆட்டக்காரர் தம் அபிப்பிராயத்தை எழுத இடமுண்டு. சில நாட்களுக்குள் அக்கடை முழுவதிலும் மிகத் தாழ்ந்த மதிப்புப் பெற்ற ஆட்டம் இதுவே ஆயிற்று. எழுதியோரிற் பலர் சீன நாட்டார். அவ்வாண்டு ஜனவரியில் கம்பெனிகளின் ஒப்பந்தம் முறிந்து அவர்கள் நாட்டுச் சர்வர்கள் மூடப்பட்டிருந்தன என்பதையும் சேர்த்தே இதை எடைபோட வேண்டும். ஆட்டம் அவ்வளவு மோசமானது என்று நாம் கருதவில்லை. துப்பாக்கியின் ஒலி, அடியின் உணர்ச்சி, களங்களின் அழகு இவற்றில் இளையது மூத்ததற்குச் சற்றும் தாழ்ந்ததன்று. அவ்வெழுத்துக்களில் தெரிந்தது ஆட்டத்தின் மேலுள்ள வெறுப்பன்று. வாக்குப் பொய்த்ததன் கோபம்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி. மூத்தது நல்லதென்று கருதியவர்கள் அதையே ஆடிக்கொண்டிருந்தால் என்ன? அதற்குத்தான் வழியில்லாமற் போயிற்று.

முன்பு அப்படி இல்லை. 1996-இல் அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்து இட் சாஃப்ட்வேர் கம்பெனி குவேக் என்னும் சுடும் ஆட்டத்தை வெளியிட்டது. அதன் சர்வரை யார் வேண்டுமானாலும் தம் பொறியிலேயே நடத்தலாம். 1997 டிசம்பரில் குவேக் 2 வந்தது. முதற்குவேக் ஓரிடமும் போகவில்லை. விரும்பியவர் பழையதை ஆடினர்; விரும்பியவர் புதியதை ஆடினர். 1999-இல் முதற்குவேக்கின் மூல நிரலையும், 2001-இல் இரண்டாவதன் மூல நிரலையும் கம்பெனி உலகுக்கே பொதுவாக்கியது. இற்றைக்கும் இரண்டையும் ஆடுவோர் உண்டு. 2000-ஆம் ஆண்டையொட்டி மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடைவீதி மாடிகளில் சைபர் கஃபேக்கள் பெருகியபோது, நம் இளைஞர் பள்ளி விட்டதும் ஓடிச்சென்று ஆடிய கவுண்டர் ஸ்டிரைக்கும் அவ்வகையே. கஃபேக்காரர் பத்துப் பொறிகளைக் கம்பியால் இணைத்து, ஒன்றைச் சர்வராக்கிவிடுவார். ஆட்டத்தை நடத்தும் அதிகாரம் அந்த மாடிக்குள்ளேயே இருந்தது. வெளியூர்க் கம்பெனி ஒன்று பித்தானை அமுக்கி அவர்கள் ஆட்டத்தை அணைத்துவிட முடியாது.

ஓவர்வாட்சில் அந்தப் பித்தான் இர்வைனில் இருந்தது. வாங்கியவரிடம் இருந்தது ஆட்டமன்று, உள்ளே நுழையும் அனுமதி. தோட்டத்து லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்து, வாசலில் மாமரம் வைத்து வளர்த்தவருக்கும், வேலை போன அன்று வீடு அவருடையதன்று என்று தெரிந்த கதையை நாம் மறக்கவில்லை. ஆட்ட உலகத்தில் இவ்வழக்கம் பரவியும் வருகிறது. கவுண்டர் ஸ்டிரைக்கின் ஒரு பிந்திய வடிவத்தை 2023 செப்டம்பர் 27-ஆம் தேதி அதன் இரண்டாம் ஆட்டம் அவ்வாறே இடம்பெயர்த்தது. தி க்ரூ என்னும் கார்ப் பந்தய ஆட்டத்தின் சர்வர்களை 2024 மார்ச் இறுதியில் மூடியபோது, வாங்கி வைத்திருந்தவர் அதைத் தனியாக ஆடவும் இயலாமற் போயிற்று. அதிலிருந்து ஓர் இயக்கம் பிறந்தது. விற்ற ஆட்டத்தைக் கொல்லாதே என்று கேட்டு ஐரோப்பியக் குடிமக்கள் இட்ட கையொப்பங்கள் 2025 ஜூலைக்குள் பத்து இலட்சத்தைக் கடந்தன. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1-ஆம் தேதி முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது: திரும்பப் பறிக்கத்தக்க அனுமதியை மட்டும் கொடுப்பவர், அதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்குங்கள்" என்று கடையில் எழுதக்கூடாது. பறிப்பதை அது தடுக்கவில்லை. பறிக்கப்படும் என்பதை முன்னரே சொல்லச் செய்கிறது.

இவ்வளவுக்கும் பின் பிலிஸார்டு செய்த ஒரு காரியம் உண்டு. 2024 நவம்பர் 12-ஆம் தேதி, ஓவர்வாட்ச் கிளாசிக் என்ற பெயரில், இளைய ஆட்டத்துக்குள்ளேயே ஒரு பகுதியைத் திறந்தார்கள். 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் இருந்த விதிகள். அணிக்கு ஆறு பேர். அந்த 21 பாத்திரங்கள். ஒரே பாத்திரத்தை ஆறுபேரும் எடுக்கலாம் என்ற பழைய கட்டுப்பாடின்மையும் அப்படியே. விலகிப் போயிருந்த பலர் அதற்காகத் திரும்பி வந்தனர். ஆறுபேர் ஆட்டத்தை அடுத்த மாதமே சோதனையாகவும் நடத்தத் தொடங்கினர். கிளாசிக் பகுதி ஏறத்தாழ மூன்று வாரம் நடந்தது. அது முடியும் தேதியைத் திறக்கும்போதே விளம்பரத்தில் அச்சிட்டிருந்தார்கள்.